பழைய பாக்-மேன் பெட்டியில் புது போர்டு: கீழக்கரைத் தம்பிக்கு விரிவான பதில்

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அவருடைய வாப்பா ஒரு காலத்தில் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் இறக்கிய, காசு போட்டு ஆடும் பாக்-மேன் வீடியோ கேம் பெட்டி ஒன்று கடையின் பின்கட்டில் கிடக்கிறதாம். சுவிட்ச் போட்டால் திரை எரிகிறது, ஆனால் விளையாட்டு வராமல் திரை முழுக்கக் குப்பை எழுத்துகளும் கட்டங்களும். ஆன்லைனில் '60-இன்-1' என்று அறுபது விளையாட்டு அடங்கிய ஒரு போர்டு விற்கிறார்களே, அதை வாங்கி மாட்டினால் ஓடுமா, கூடவே பழைய பிக்சர் டியூபைக் கழற்றி எறிந்துவிட்டு எல்சிடி போட்டுவிடலாமா என்பது கேள்வி. பெட்டியின் பின்பக்கப் படங்களும் அனுப்பியிருந்தார்.

ஓடும் தம்பி. ஆனால் புது போர்டை மாட்டுவது இதில் கடைசி வேலை, அதுதான் சுலபமான வேலையும்கூட. அதற்கு முன்னால் மின்சாரம், மானிட்டர், உப்புக்காற்று என்று மூன்று பஞ்சாயத்து இருக்கிறது, இதைத் தீர்க்காமல் போர்டை மாட்டினால் புது போர்டும் பழைய போர்டு போன வழியிலேயே போகும்.

முதலில், உங்கள் பழைய போர்டு செத்துவிட்டது என்று யார் சொன்னது? குப்பை எழுத்து வருகிறது என்றால் மானிட்டர் வேலை செய்கிறது, போர்டிலும் வீடியோ பகுதி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். 1980-இல் வந்த இந்த போர்டில் இருப்பது இசட்80 என்ற பிராசஸர், சுற்றிலும் டிடிஎல் என்ற வகையைச் சேர்ந்த ஏகப்பட்ட ஐசிகள், அதாவது குட்டிச் சிப்புகள். அந்த வகை ஐசிகளுக்கு 5 வோல்ட் வேண்டும், 4.75-க்குக் கீழே இறங்கினால் பைத்தியம் பிடித்தாற்போல் நடக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையை போர்டின் கிரவுண்டில் வைத்து, இன்னொன்றை ஏதாவது ஒரு ஐசியின் 5 வோல்ட் காலில் வைத்துப் பாருங்கள். 4.5 காட்டினால் போர்டு மேல் பழியே இல்லை.

இந்தப் பெட்டிகளில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. பாக்-மேன் போர்டுக்குள் வெளியிலிருந்து 5 வோல்ட் டிசி வருவதில்லை. பெட்டியின் அடியில் இருக்கும் கனமான டிரான்ஸ்பார்மரிலிருந்து 7 வோல்ட் ஏசி வருகிறது, அதை போர்டே டிசியாக மாற்றி 5 வோல்ட் ஆக்கிக்கொள்கிறது. அந்தக் கரண்ட் முழுவதும் போர்டின் ஓரத்தில் செருகியிருக்கும் கனெக்டரின் சில முனைகள் வழியாகத்தான் போக வேண்டும். வருடக்கணக்கில் ஓடினால் அந்த முனைகள் சூடேறிச் சூடேறிக் கறுத்துவிடும். நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கனெக்டரின் ஒரு ஓரத்தில் பிளாஸ்டிக் பழுப்பாகி, அதற்கு நேரே போர்டின் பித்தளை நிற விரல்கள் மட்டும் கருப்பாகத் தெரிகின்றன. மற்ற விரல்களில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கிறது. முதலாவது சூட்டின் வேலை, இரண்டாவது நம் கடலின் வேலை.

ஆகவே காசு செலவழிக்கும் முன்னால் கனெக்டரைக் கழற்றி, விரல்களை மெதுவான வெள்ளை அழிரப்பரால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள், இருக்கிற பூச்சையும் எடுத்துவிடும். சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் ஐசிகளை ஒவ்வொன்றாக நேரே மேலே தூக்கி, காலைப் பார்த்து, திரும்ப அழுத்தி உட்கார வையுங்கள். ஐசியின் ஒரு முனையில் சின்னப் பள்ளம் இருக்கும், அது எந்தப் பக்கம் இருந்தது என்று முன்கூட்டியே படம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு துப்புரவிலேயே எழுந்து உட்காரும் போர்டுகள் நிறைய. எழவில்லை என்றாலும் தூக்கிப் போடாதீர்கள். ஆன்டி-ஸ்டேடிக் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, வீட்டுக்குள் உயரமான அலமாரியில் வையுங்கள். அந்த போர்டும், வெட்டப்படாத பழைய வயரிங்கும் சேர்ந்து இருந்தால்தான் இதை ஒருநாள் பழையபடி ஆக்க முடியும்.

சரி, புது போர்டுதான் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 60-இன்-1 போர்டு 'ஜாமா' என்ற கனெக்டர் முறைக்குச் செய்தது. ஜப்பானின் கேளிக்கை இயந்திர உற்பத்தியாளர் சங்கம் 1985-இல் கொண்டுவந்த பொது ஏற்பாடு அது, பக்கத்துக்கு 28 என்று மொத்தம் 56 முனை. உங்கள் பெட்டி அதற்கு முந்தையது, பக்கத்துக்கு 22, மொத்தம் 44 முனை. நேரே செருகாது. நடுவில் மாட்டுவதற்கு அடாப்டர் போர்டு கிடைக்கிறது, ஒரு பக்கம் பழைய வயரிங்கின் கனெக்டர், மறுபக்கம் ஜாமா. அதையே வாங்குங்கள். பழைய கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டு வயர் வயராக இணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அடாப்டர் வாங்கினாலும் அந்தக் கறுத்த கனெக்டரை ஒருமுறை சுத்தம் செய்தே ஆக வேண்டும், ஏனென்றால் படமும் ஜாய்ஸ்டிக்கும் இனியும் அதன் வழியாகத்தான் வரும்.

இங்கேதான் முதல் சிக்கல். பழைய வயரிங்கில் 5 வோல்ட் டிசியே இல்லை என்று சொன்னேன் அல்லவா, அடாப்டர் அதை உண்டாக்கித் தராது. தனியாக ஆர்கேட் எஸ்எம்பிஎஸ் ஒன்று, அதாவது மெயின் கரண்டை டிசியாக்கித் தரும் பவர் சப்ளை, வாங்க வேண்டும், அதில் +5, +12, -5 மூன்றும் வரும். பக்கத்தில் 110/220 என்று ஒரு சின்ன தள்ளு சுவிட்ச் இருக்கும், அது எங்கே நிற்கிறது என்று பிளக்கைச் செருகும் முன்னால் பாருங்கள். 110-இல் நின்று 230 கொடுத்தால் பட்டாசுச் சத்தத்தோடு கதை முடிந்தது. போர்டை இணைக்காமல் ஒருமுறை அளந்துவிட்டு, இணைத்தபிறகு போர்டின் முனையிலேயே மறுபடி அளந்து, எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள சின்ன திருகியைத் திருப்பி 5.0-லிருந்து 5.1-க்குள் வையுங்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் அளந்தால் 5.1 காட்டும், ஒல்லியான வயரில் பயணம் செய்து போர்டுக்கு வரும்போது 4.8 ஆகியிருக்கும், அதனால்தான் போர்டில் அளக்கச் சொல்கிறேன். +5-க்கு எவ்வளவு தடிமன் வயரோ அதே தடிமன் கிரவுண்டுக்கும் வேண்டும். இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

எஸ்எம்பிஎஸ் வந்துவிட்டதே, அந்தப் பழைய டிரான்ஸ்பார்மரைக் கழற்றிப் பழைய இரும்புக்கடையில் போட்டுவிடலாம் என்று கை துறுதுறுக்கும். தொடாதீர்கள். இந்தப் பெட்டிகளில் வரும் எலக்ட்ரோஹோம் ஜி07, வெல்ஸ்-கார்ட்னர் கே4600 மாதிரியான மானிட்டர்களின் சேசிஸ், அதாவது டியூபை ஓட்டும் சர்க்யூட்டும் அதன் இரும்புச் சட்டமும், மெயின் லைனிலிருந்து பிரிக்கப்படாதது. மெயினிலிருந்து பிரித்து, தனியாக ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வழியாகத்தான் அதற்குக் கரண்ட் போக வேண்டும், அந்த வேலையை உள்ளே இருக்கும் அதே கனமான டிரான்ஸ்பார்மர்தான் செய்கிறது. அதை எடுத்துவிட்டு மானிட்டருக்கு நேரே மெயின் கரண்ட் கொடுத்தால் சேசிஸ் இரும்பிலும் புது போர்டின் கிரவுண்டிலும் கரண்ட் ஏறும், போர்டு போவது மட்டுமில்லை, தொட்டவரும் போவார். பெட்டி 110 வோல்ட் என்று ஸ்டிக்கர் சொல்கிறது, ஆகவே வாப்பா அப்போது வெளியே 230-ஐ 110 ஆக்கும் ஸ்டெப்-டவுன் ஒன்று வைத்துத்தான் ஓட்டியிருக்க வேண்டும், கேட்டுப் பாருங்கள், பரணில் கிடக்கும். கடையில் விற்கும் ஸ்டெப்-டவுன்கள் பெரும்பாலும் ஆட்டோ-டிரான்ஸ்பார்மர், வோல்ட்டைக் குறைக்கும், மெயினிலிருந்து பிரிக்காது. ஆகவே வெளியே ஸ்டெப்-டவுன் இருக்கிறது என்பதற்காக உள்ளே இருப்பது வேண்டாத பொருள் ஆகிவிடாது.

எர்த் பற்றி ஒரு வார்த்தை. நம் கரையோர வீடுகளில், பழைய வீடுகளில் முக்கியமாக, மூன்று முனை சாக்கெட் இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. இருந்தாலும் மண்ணுக்குள் போன ஜிஐ பைப்பை உவர்நீர் தின்று வைத்திருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தை ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள், அப்படியே அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டித்துவிடும். இந்தப் பெட்டியின் காயின் கதவு இரும்பு, வெறுங்காலோடு நின்று விளையாடப் போவது குழந்தைகள்.

இப்போது மானிட்டர். 60-இன்-1 போர்டில் வரிசையாகக் குட்டி குட்டியாக டிப் சுவிட்ச்கள் இருக்கும், அதில் ஒன்று படம் சிஜிஏ-வாக (பழைய டியூப் மானிட்டருக்கு) வர வேண்டுமா விஜிஏ-வாக (கம்ப்யூட்டர் மானிட்டருக்கு) வர வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கிறது. கூடவே வரும் தாளில் எது என்று போட்டிருக்கும். உங்கள் பழைய டியூப் நொடிக்குச் சுமார் 15,700 கோடுகள் வரையும் வகை, நம் பழைய கலர் டிவிகளும் கிட்டத்தட்ட அதே வேகம்தான். விஜிஏ அதற்கு இரட்டிப்பு, 31,500. சுவிட்ச் தவறாக நின்றால் ஒரே படம் இரண்டு மூன்றாகக் கிழிந்து ஓடும், மானிட்டர் கீச்சென்று கத்தும், அப்படியே விட்டால் மானிட்டருக்குள் கோடுகளை வரைய வைக்கும் ஹரிசாண்டல் அவுட்புட் டிரான்சிஸ்டர் போகவும் வாய்ப்பு உண்டு. எனவே மின்சாரம் கொடுக்கும் முன்னாலேயே சுவிட்சைச் சரிபார்த்துவிடுங்கள். பாக்-மேன் பெட்டியில் டியூப் நெட்டுக்குத்தாக நிற்கிறது, 60-இன்-1-இல் உள்ள விளையாட்டுகளும் நெட்டுக்குத்துத் திரைக்கானவை, ஆகவே பொருத்தம் சரி. பண்டோரா பாக்ஸ் மாதிரி நூற்றுக்கணக்கில் விளையாட்டு உள்ள போர்டுகள் கிடைத் திரைக்கானவை, ஆசைப்பட்டு அதை வாங்கினால் கழுத்தைச் சாய்த்துக்கொண்டுதான் விளையாட வேண்டும்.

படம் வந்தபிறகு: உருண்டுகொண்டே இருந்தால் படத்தை நிலையாக நிறுத்தும் சின்க் வயரைப் பாருங்கள், பிறகு மானிட்டரின் ஹோல்ட் திருகி. ஒரு நிறமே இல்லை என்றால் அந்த நிற வயர் தொடர்பில் இல்லை. பாக்-மேன் மஞ்சளாக இல்லாமல் வெளிர்நீலமாக வந்தால் சிவப்பும் நீலமும் இடம் மாறியிருக்கின்றன. எல்லா நிறமும் போட்டோ நெகட்டிவ் மாதிரி தலைகீழாக வந்தால் அது வேறு கதை, 1981-இன் டாங்கி காங் மாதிரி நிண்டெண்டோ பெட்டிகளின் சான்யோ மானிட்டரில் நடப்பது, அதற்குத் தனியாக ஒரு இன்வெர்ட்டர் போர்டு வேண்டும். உங்களுக்கு அது வராது.

டியூபை எறிந்துவிட்டு எல்சிடி போடலாமா என்றால், என் கருத்து: டியூப் உயிரோடு இருக்கும்வரை வேண்டாம். ஏற்கெனவே படம் எரிகிறது என்கிறீர்கள், பாதி யுத்தம் முடிந்தது. டியூபை அணைத்துவிட்டு டார்ச் அடித்துக் கண்ணாடியைப் பாருங்கள், பாக்-மேனின் வழிப்பாதைக் கட்டம் நிழலாகப் பதிந்திருக்கும். வருடக்கணக்கில் ஒரே படம் நின்றால் கண்ணாடியின் உட்புறம் ஒளிரும் பாஸ்பர் பூச்சு அப்படித் தேயும். வேறு விளையாட்டு ஓடும்போதும் அந்தக் கோடுகள் மங்கலாகத் தெரியும், சிலருக்கு அது எரிச்சல், எனக்குப் பிடிக்கும். மாறாக டியூபின் கழுத்து உடைந்திருந்தாலோ, படம் மங்கி மங்கிச் சேறாகத் தெரிந்தாலோ எல்சிடிக்குப் போகலாம். அப்போது 4:3 வடிவத் திரை பாருங்கள், பழைய 19 அங்குல எல்சிடிகள் பல 5:4 வடிவம், படம் கொஞ்சம் இழுபடும். டிப் சுவிட்சை விஜிஏ-வுக்கு மாற்றிவிட்டு போர்டிலிருந்து நேரே கேபிள் கொடுத்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை, இதில் மட்டும் வீராப்பு வேண்டாம். டியூபின் முதுகில் சிவப்பு அல்லது கருப்பு ரப்பர் தொப்பி ஒட்டியிருக்கிறதே, அதன் அடியில் 20,000 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். டிஸ்சார்ஜ் செய்யத் தெரிந்தவர் செய்யட்டும். பழைய கலர் டிவி பார்த்த மெக்கானிக் யாராவது ராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ இன்னும் இருப்பார், அவருக்கு ஆர்கேட் மானிட்டர் புதிதாக இருந்தாலும் உள்ளே இருக்கும் ஈ.எச்.டி (டியூபுக்கு அந்த உயர் வோல்ட்டைத் தரும் பகுதி), அவுட்புட் டிரான்சிஸ்டர், கெப்பாசிட்டர் எல்லாம் பழகிய சரக்குதான். எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களை மொத்தமாக மாற்றித் தரச் சொல்லுங்கள், படம் பளிச்சென்று வரும்.

உப்பு. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு, ரயில் ஓடிய காலம் பூராவும் துருவோடுதான் மல்லுக்கட்டு, நம் பெட்டி எம்மாத்திரம். ஐப்பசி, கார்த்திகையில் மழைக்காற்று அடிக்கும்போது தூசியோடு ஒட்டிய உப்பு ஈரத்தை இழுத்துக் கரண்ட் கடத்தும். ஈ.எச்.டி பக்கம் 'ஸ்ஸ்' என்று சத்தமும் ஒரு மாதிரி ஓசோன் வாடையும் வந்தால் அதுதான், உடனே அணைத்துவிட்டுத் துடைத்து உலர்த்தச் சொல்லுங்கள். போர்டைக் காக்க அதன்மேல் வார்னிஷ் மாதிரி கோட்டிங் ஸ்பிரே அடிக்கலாம், ஆனால் கனெக்டர் விரல்களையும் டிப் சுவிட்சையும் டேப் போட்டு மறைத்துவிட்டு அடிக்க வேண்டும். பெட்டியைக் கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். அடிப்பக்கம் மரத்தூள் பலகை, தரை ஈரத்தில் ஊதிவிடும், கரையானுக்கும் பிடிக்கும், நாலு ரப்பர் கட்டை கொடுத்துத் தூக்கி வையுங்கள். மாதம் ஒருமுறையாவது ஒரு மணி நேரம் ஓட்டுங்கள், சூடு ஏறினால் ஈரம் போகும். பூட்டியே வைத்திருக்கும் பெட்டிதான் இங்கே சீக்கிரம் போகிறது.

கன்ட்ரோல் பேனலில் ஒரு விஷயம் நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். பாக்-மேனில் சுடுவதற்கு பட்டனே கிடையாது, நடுவில் ஜாய்ஸ்டிக், இரண்டு ஸ்டார்ட் பட்டன், அவ்வளவுதான். 60 விளையாட்டில் கேலகா மாதிரி சுடும் விளையாட்டுகள் ஏராளம், பட்டன் இல்லாமல் அவற்றில் வேடிக்கைதான் பார்க்க முடியும். அதற்காகப் பழைய பேனலில் துளை போடாதீர்கள். அதே அளவில் பிளைவுட்டில் புது பேனல் ஒன்று நம் ஆசாரியிடமே செய்துகொள்ளலாம், பழையதை அப்படியே கழற்றி வைத்துவிடலாம். ஜாய்ஸ்டிக்கும் பாருங்கள்: பாக்-மேனுக்கு நான்கு திசை மட்டும் போகும் ஜாய்ஸ்டிக் வேண்டும், எட்டுத் திசை போட்டால் மூலையில் திரும்பும்போது பாக்-மேன் சொன்ன பேச்சு கேட்காது. ஒரு தகட்டைத் திருப்பினால் நாலுக்கும் எட்டுக்கும் மாறும் வகையும் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். பழைய பேனலையே வைத்துக்கொள்வதானால் உள்ளே இருக்கும் இலை சுவிட்ச்களில் களிம்பு இருக்கும். விசிட்டிங் கார்டை ஆல்கஹாலில் நனைத்து இரண்டு இலைக்கும் நடுவில் வைத்து, லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுங்கள். கார்டில் கரும்பச்சைக் கோடு வருவது நிற்கும்வரை. எல்லா சுவிட்சுக்கும் கிரவுண்ட் ஒரே வயராகத் தொடர்ந்து போகும், ஒரு இடத்தில் அறுந்தால் அதற்குப் பின்னால் உள்ள பட்டன்கள் மொத்தமாகச் செத்துவிடும், அதற்காக ஒவ்வொரு பட்டனையும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஸ்பீக்கரின் இரண்டு வயரையும் போர்டின் ஸ்பீக்கர் முனைகளுக்கே கொண்டு போங்கள். மைனஸ்தானே என்று ஒன்றைப் பெட்டியின் கிரவுண்டில் சேர்த்தால் சில போர்டுகளில் ஆம்ப்ளிஃபையர் ஐசி போய்விடும். ஒலி அளவு போர்டிலேயே ஒரு திருகியில் இருக்கிறது. காசு போடும் பகுதி அமெரிக்க நாணயத்துக்கானது, அதைக் குடைய வேண்டாம், கதவுக்குள் ஒரு புஷ் பட்டன் வைத்துக் காயின் வயரில் இணைத்தால் அழுத்தினால் கிரெடிட் ஏறும்.

ஜாமா கனெக்டரில் ஏழாவது இடத்தில் சாவி என்று ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும், தலைகீழாகச் செருகாமல் தடுப்பதற்கு. மலிவான அடாப்டர்களில் அது விழுந்துபோய் வரும். அப்படியே திருப்பிச் செருகினால் 12 வோல்ட் நேராகப் பட்டன் முனைக்குப் போகும், புது போர்டு அங்கேயே காலி. பாகங்கள் உள்ள பக்கம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, மார்க்கரால் இரண்டு பக்கமும் அடையாளம் போட்டுவிட்டுச் செருகுங்கள்.

60-இன்-1-க்குப் பதிலாக ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர், மிஸ்டர் என்ற போர்டு இதெல்லாம் போடக்கூடாதா என்றும் அடுத்து கேட்பீர்கள். மிஸ்டர் நல்ல சரக்கு, எஃப்பிஜிஏ என்ற, உள்சுற்றை வேண்டியபடி அமைத்துக்கொள்ளக்கூடிய சிப் வழியாகப் பழைய சர்க்யூட்டையே மறுபடி உருவாக்குகிறது, விலையும் அதற்கேற்ப. பை மலிவு, ஆனால் நம் பக்கம் கரண்ட் சொல்லாமல் கொள்ளாமல் போய் வரும், எழுதிக்கொண்டிருக்கும்போது போனால் எஸ்டி கார்டில் உள்ளது கெட்டுப்போகும். கார்டைப் படிக்க மட்டும் என்று அமைக்கத் தெரிந்தால் பை போடுங்கள். தெரியாது என்றால் 60-இன்-1, சுவிட்ச் போட்டவுடன் வந்து நிற்கும், கரண்ட் போனாலும் கவலை இல்லை. படத்தின் வேகம், சத்தம் சில விளையாட்டுகளில் அசல் மாதிரி இருக்காது, அது அந்த விலைக்குச் சகஜம். இன்னொன்று, அந்த போர்டுகளில் உள்ள விளையாட்டுகள் உரிமையாளர்களிடம் அனுமதி வாங்கிப் போட்டவை அல்ல. கடையில் வைத்துக் காசு வாங்கும் எண்ணம் இருந்தால் அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் கனெக்டர் துப்புரவு, 5 வோல்ட் அளவு, எர்த், இந்த மூன்றையும் முடித்துவிட்டுத்தான் எதையும் ஆர்டர் போடுவேன். மானிட்டர் சேசிஸின் இரும்புச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், மாடல் எண் போட்டிருக்கும், டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் பியூஸ் வரிசைக்கு மேலே இன்னொன்று. கரண்டைப் பிடுங்கிவிட்டு, எதையும் தொடாமல், டார்ச் வெளிச்சத்தில் இரண்டையும் படம் எடுத்து அனுப்புங்கள். எந்த அடாப்டர், எத்தனை வாட் ஸ்டெப்-டவுன் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.